ஒரு சாண் கம்பி

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இப்போது சிறையில் இருக்கிறார். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் கிறிஸ்தவ ஆலயத்து ஆட்கள் இரண்டாவதை மென்று முழுங்குகிறார்கள், மற்றவர்கள் முதலாவதை மறந்துவிடுகிறார்கள். முப்பத்திரண்டு வருஷம் அவர் அந்த வேலை பார்த்தார். நன்றாகவே பார்த்தார். ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் எதிரே இருக்கிற ஆளைப் பார்க்க மாட்டார், மேலே பார்ப்பார். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

எனக்கு அவர் அத்தான். நான் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் குறைவு. அதனால் இதை எழுத நான் சரியான ஆளில்லை என்று அக்கா சொல்கிறாள். ஆனால் சிறைக்குப் போவதற்கு முந்தைய நாட்களில் அவரை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனவன் நான். அதற்கு முன் அவரைத் தடுத்தவனும் நான்தான். அதையும் சேர்த்து எழுதத்தான் போகிறேன்.

வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் குற்றம் புரியாது. பழைய லிஃப்டுகளில் ஒவ்வொரு மாடியிலும் கையால் இழுத்துத் திறக்கிற கதவு ஒன்று இருக்கும். அந்தக் கதவில் ஒரு பூட்டு, பூட்டுக்குள் ஒரு சின்ன மின் இணைப்பு. எல்லா மாடிக் கதவுகளும் பூட்டியிருந்தால்தான் லிஃப்ட் நகரும். ஒரு கதவு சரியாகப் பூட்டவில்லை என்றால் லிஃப்ட் நின்ற இடத்திலேயே நிற்கும். சனங்கள் திட்டுவார்கள், ஆனால் யாரும் சாக மாட்டார்கள். எந்தப் பூட்டில் கோளாறு என்று கண்டுபிடிக்க, மெக்கானிக் மொட்டை மாடி அறையில் இருக்கும் மின்பெட்டியைத் திறந்து, இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒரு கம்பியைக் குறுக்கே மாட்டுவார். உடனே லிஃப்ட் எல்லாக் கதவும் பூட்டியிருப்பதாக நம்பி ஓடும். சோதனை முடிந்ததும் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். அந்தக் கம்பி சிவப்பாக இருக்க வேண்டும், ஒரு கை நீளம் இருக்க வேண்டும், பெட்டியைச் சாத்த விடாமல் வெளியே தொங்க வேண்டும் என்பது கம்பெனி விதி. யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விதி.

அத்தானுக்கு அந்த நீளக் கம்பி தொந்தரவு. கையில் சுற்றிக்கொள்கிறது, கண்ணை மறைக்கிறது என்பார். அவரே ஒரு கம்பி செய்துகொண்டார். சாம்பல் நிறம், ஒரு சாண் நீளம். பெட்டிக்குள் மற்றக் கம்பிகளோடு கம்பியாக அடங்கிவிடும். அதில் அவருக்குப் பெருமை வேறு. “சிவப்புக் கம்பி கத்துக்குட்டிங்களுக்கு மாப்ள” என்று என்னிடமே ஒரு தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். நானும் சிரித்தேன்.

அது நடந்தது நாலு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில். லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடுகிறது என்று காலையில் கூப்பிட்டார்கள். போனார், கம்பியை மாட்டினார், நாலாவது மாடிப் பூட்டில்தான் கோளாறு என்று கண்டுபிடித்தார். அரத்தால் கொஞ்சம் தேய்த்து, திருகாணியை இறுக்கி, இரண்டு தடவை சாத்திப் பார்த்தார். பிடித்தது. அதற்குள் வேறொரு கட்டடத்தில் யாரோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டதாகத் தகவல் வந்தது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல ஓடினார். கம்பி பெட்டிக்குள்ளேயே இருந்தது. பெட்டிக் கதவு அழகாகச் சாத்திக்கொண்டது.

மூன்று மணி வாக்கில் அந்தப் பூட்டு மறுபடி நழுவியது. கம்பி இல்லாதிருந்தால் லிஃப்ட் அந்த மாடியிலேயே நின்றிருக்கும். கம்பி இருந்ததால், கதவு பூட்டாமலே கீழே ஓடியது. நாலாவது மாடியில் வேலை பார்த்த குமாஸ்தா ஒருவர், மோவாய் வரைக்கும் கோப்புகளை அடுக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் கதவை ஒதுக்கி உள்ளே கால் வைத்தார். லிஃப்ட் கீழ்த்தளத்தில் இருந்தது.

முதல் தகவல் அத்தானுக்குத்தான் போனது. வந்ததும் கீழே எட்டிக்கூடப் பார்க்காமல், மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று சொல்லி நேராக மொட்டை மாடிக்கு ஏறினார். நிறுத்தினார். பெட்டியைத் திறந்தார். கம்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “யோசிச்சுச் செய்யல மாப்ள, கை தானா செஞ்சிடுச்சு” என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். இருக்கலாம். ஆனால் அடுத்ததைக் கை செய்யவில்லை.

விசாரிக்க வந்த லிஃப்ட் ஆய்வாளர் எல்லாவற்றையும் சோதித்தார். மின் இணைப்பில் குறை இல்லை. பூட்டும் அந்த நேரம் பார்த்து ஒழுங்காகப் பிடித்தது. அப்படியானால் கதவு எப்படித் திறந்தது? எந்த மாடிக் கதவையும் வெளியிலிருந்து திறக்கிற அவசரச் சாவி ஒன்று உண்டு. அது கட்டடத்துக் காவலாளியிடம், அவருடைய இடுப்பு பெல்ட்டில் தொங்கியது. “சாவியால திறந்துட்டுச் சரியாச் சாத்தாம விட்டா இப்படி நடக்குமா?” என்று ஆய்வாளர் அத்தானைக் கேட்டார். “நடக்கும் சார்” என்றார் அத்தான். உண்மைதான், அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அந்த ஒரு பதிலை வைத்து ஒரு சாவைக் காவலாளி தலையில் கட்டினார்கள். இரண்டு வருஷம் உள்ளே இருந்தார்.

அதுவரை அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவை ஆலய வாசலில் இறக்கிவிட்டு, வெளியே வண்டிமேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பிரசங்கம் நீண்டால் ஹாரன் அடிப்பார். காவலாளி சிறைக்குப் போன மாதத்திலிருந்து முதல் வரிசையில் உட்கார ஆரம்பித்தார். கடவுள் தனக்குச் செய்ததைச் சபை முன்னால் அவரவர் சாட்சி சொல்லும் நேரம் வந்தால் எழுந்து நின்று அழுவார். “என்னை மாதிரி ஒரு பாவி இந்தச் சபையிலயே கிடையாது” என்பார். சபை முழுக்க “ஆமென்” என்று சொல்லும். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கோ எரிச்சலாக வரும். பாவி என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் வெட்கமில்லை, என்ன பாவம் என்று கேட்டால்தான் வாய் ஒட்டிக்கொள்கிறது. நாலாவது வருஷம் அவரைச் சபை மூப்பர் ஆக்கினார்கள்.

திருவிருந்து நாளில், திராட்சரசம் ஊற்றிய சின்னக் கிண்ணங்களைத் தட்டில் ஏந்தி வரிசை வரிசையாகக் கொண்டுபோவது மூப்பர்களின் வேலை. எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் அவர்களும் எடுத்துக்கொள்வார்கள். அத்தான் எடுத்ததே இல்லை. தட்டை மேசையில் வைப்பார், திரும்பி நின்று குனிவார், கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைப்பார், குடித்தவர் துடைக்கிற மாதிரியே. நான் அதைக் கவனித்தது ஆறாவது வருஷம். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஊர் விஷயத்தில் எல்லாம் மூக்கை நுழைக்கிற நான், இதை மட்டும் ஏன் என்று கேட்கவில்லை.

பதினோராவது வருஷம் ஆலயத்துக்குப் புதுப் போதகர் வந்தார். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஆலயத்துப் பின்னறையில் மூப்பர்கள் கூட்டம் போட்டார். உதவி கேட்டு வந்த கடிதங்களைப் படித்தார்கள். ஒரு கடிதம், பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டு யாரிடமும் பேசாமல் போகிற ஒரு அம்மாள் எழுதியது. சலவைக்கடையில் வேலை பார்க்கிறவர். புருஷனுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது, மருந்துக்குச் சபை உதவ வேண்டும் என்று எழுதியிருந்தார். புருஷன் அந்தக் காவலாளி.

மூப்பர்களில் ஒருவரான பழைய தலைமை ஆசிரியர் முகத்தைச் சுளித்தார். “அந்தாளு அஜாக்கிரதையால ஒரு உயிரைக் கொன்னவர் இல்லையா? உள்ளே இருந்துட்டு வந்தவர்.”

போதகர் அத்தான் பக்கம் திரும்பினார். “நீங்க அந்தக் கட்டடத்துல வேலை பார்த்தவர்தானே மூப்பரே. அவர் எப்படிப்பட்ட மனுஷர்?”

ஐந்து வருஷம் மாதா மாதம் அத்தானின் கருவிப் பையை வாங்கி நாலு மாடி சுமந்து ஏறியவர் அந்தக் காவலாளி. தன் பிளாஸ்கிலிருந்து டீயை மூடியில் ஊற்றி முதலில் அவருக்குத்தான் கொடுப்பார். அத்தான் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எனக்கு அவ்வளவாப் பழக்கம் இல்லீங்க ஐயா.”

கடிதத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

அன்று மத்தியானம் நான் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார், பிசையவும் இல்லை, எழவும் இல்லை. என்ன என்று அக்கா கேட்டதும் சொல்ல ஆரம்பித்தார். கம்பி, பெட்டி, சட்டைப் பை, “நடக்கும் சார்”, இன்றைக்குச் சொன்ன பதில், எல்லாம். அழவில்லை. அக்கா எழுந்து குழாயடியில் நின்றுகொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கேட்டாள்:

“சாம்பல் கலர்தானே?”

அத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

“துவைக்கும்போது பையில இருந்துச்சு. குப்பையில போட்டுட்டேன். எதுக்குன்னு நான் கேக்கல. கேட்டா நீங்க சொல்லிடுவீங்களோன்னு பயம்.”

பதினோரு வருஷம் இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே ஜெபத்துக்கு முழங்கால் போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சமையலறையில் நிற்கவே கூசியது.

“நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்” என்றார் அத்தான். இங்கேதான் நான் வருகிறேன். அவர் ஓய்வு பெற நாற்பது நாள் இருந்தது. மகள் பிரசவத்துக்கு வந்து பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: “புத்தி கெட்டுப் போச்சா அத்தான்? வேலையை முடிச்சுட்டு மரியாதையா வெளிய வாங்க. அவளும் நல்லபடியாப் பெத்துக்கட்டும். பதினோரு வருஷம் பொறுத்த கடவுள் நாப்பது நாள் பொறுக்க மாட்டாரா?”

அப்போது அது எனக்கு எவ்வளவு சாமர்த்தியமான பேச்சாகத் தோன்றியது என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அத்தான் ஒத்துக்கொண்டார். அவருக்குள் இருந்த பயத்துக்கு நான் ஒரு சாக்கைக் கொடுத்தேன், அவர் எடுத்துக்கொண்டார். அந்த நாற்பது நாளும் சபையில் அவர் வாய் திறக்கவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி மூப்பர் வேலைகளிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். கன்னம் ஒட்டிப்போயிற்று. பேரன் பிறந்தான், அவர் கையில் வாங்கவில்லை. கம்பெனியில் அவரை மேடையேற்றி, சுவர்க் கடிகாரம் கொடுத்து, கடமை தவறாதவர் என்று பேசினார்கள். கீழே உட்கார்ந்து நானும் கை தட்டினேன்.

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன் வந்து நின்றார். “வண்டியை எடு.”

காவலாளியின் வீடு சலவைக்கடைக்குப் பின்னால், வரிசை வீடுகளில் கடைசி. ஒற்றை அறை. கடையிலிருந்து வருகிற நீராவியால் சுவரெல்லாம் ஈரம் பூத்திருந்தது. கட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் உருளை, மூலையில் மடிக்க வேண்டிய விரிப்புகள் மலை மாதிரி. அந்த அம்மாள் மடித்துக்கொண்டிருந்தார். காவலாளி மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அந்த மனுஷனுக்கு முகம் மலர்ந்ததே, அதை என்னால் மறக்க முடியவில்லை.

“மெக்கானிக் சார்! வாங்க, வாங்க. இவங்களுக்கு டீ போடும்மா. யாருமே வர்றதில்ல சார், நீங்களாவது வந்தீங்களே.”

அத்தான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். பழுது பார்த்துவிட்டு அறிக்கை எழுதுகிற மாதிரி, தேதி, மாடி, பூட்டு, கம்பி, எந்த நேரம் மாட்டினது, எந்த நேரம் கழற்றினது, ஆய்வாளர் கேட்டது, தான் சொன்னது என்று ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னார். அந்த அம்மாள் கையிலிருந்த விரிப்பு பாதி மடித்தபடியே நின்றது.

காவலாளி மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். பிறகு கேட்டார்: “அப்ப, நான் கதவைத் திறந்து விடலையா?”

எங்களுக்குப் புரியவில்லை. அவரே விட்டு விட்டுச் சொன்னார். அன்று காலை மூன்றாவது மாடியில் ஒரு பெண்ணின் அடையாள அட்டை கதவிடுக்கில் விழுந்துவிட்டது. சாவியால் திறந்து எடுத்துக் கொடுத்தார். சாத்தினாரா, எந்த மாடி, ஒன்றா இரண்டா என்று போலீஸில் திரும்பத் திரும்பக் கேட்டபோது அவருக்கே குழம்பிவிட்டது. முதலில் நாலாவது மாடிக் கதவைத் திறக்கவில்லை என்றார். பிறகு ஞாபகமில்லை என்றார். கடைசியில், “திறந்திருப்பேன்” என்று ஒப்புக்கொண்டார். சிறையில் ஒரு நாள் முழங்காலில் விழுந்து, ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டேன் என்று கதறி, அங்கேதான் அவர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தக் குமாஸ்தா பெயரைச் சொல்லித்தான் ஜெபத்தை ஆரம்பிப்பார்.

“அப்ப நான் அவரைக் கொல்லலையா சார்?”

“இல்ல. நான்தான்.”

“நான் கொல்லலையா?”

“இல்லீங்க. நான்தான்.”

மூன்றாவது தடவையும் கேட்டார். அத்தான் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். அவர் போனது காவலாளியின் வேலையையும் இரண்டு வருஷத்தையும் கெடுத்ததற்காக மன்னிப்புக் கேட்க. கெடுத்தது அதைவிடப் பெரியது என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. செய்யாத பாவத்துக்கு ஒரு மனுஷன் பதினோரு வருஷம் நெஞ்சுருகி மனம் வருந்தியிருக்கிறார். செய்தவர் அதே பதினோரு வருஷம் முதல் வரிசையில் உட்கார்ந்து பொத்தாம் பொதுவாக அழுதிருக்கிறார்.

அந்த அம்மாள் விரிப்பைக் கீழே வைத்தார். கத்தவில்லை. “தூக்கத்துல ‘கதவைச் சாத்து, கதவைச் சாத்து’ன்னு அலறுவார். பக்கத்து வீட்டுக்காரங்க வந்து திட்டுவாங்க. பதினோரு வருஷமா. வெளிய போங்க.”

“போறேன்மா. போலீஸ்ல எழுதிக் குடுத்துடறேன்” என்றார் அத்தான். மன்னியுங்கள் என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. கேட்பதற்கே அருகதை இல்லை என்று தோன்றிவிட்டது என்று வெளியே வந்ததும் சொன்னார். வாசலைத் தாண்டும்போது காவலாளி கூப்பிட்டார். “சார். இன்னிக்கே போங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க. அந்தக் குமாஸ்தா வீட்டுக்கும் சொல்லணும்.”

குமாஸ்தா வீட்டுக்குத்தான் முதலில் போனோம். வளர்ந்த மகன் ஒருவன் கதவைத் திறந்தான். அத்தான் சொன்னதை முழுக்கக் கேட்டான். மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டான். அவன் அடித்திருந்தால்கூட எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

காவல் நிலையத்தில் அவரை நம்பவே இல்லை. “எல்லாம் முடிஞ்ச கேஸ் பெரியவரே. இப்ப எதுக்கு?” என்றார் எழுத்தர். அத்தான் நகரவில்லை. எழுதிக் கொடுங்கள், மூன்று நகலோடு கொண்டுவாருங்கள் என்றார்கள். என் கடையில், என் மெஷினில், அவருடைய ஒப்புதலை நானே நகல் எடுத்தேன். எத்தனையோ பேருடைய சான்றிதழையும் பத்திரத்தையும் படிக்காமலே நகல் எடுத்துக் கொடுத்தவன், அந்த நாலு பக்கத்தை மட்டும் ஒவ்வொரு நகலிலும் முதலிலிருந்து படித்தேன். தன்னைக் காப்பாற்றுகிற வரி ஒன்றுகூட அதில் இல்லை. என் பெயரும் இல்லை. நாற்பது நாள் தள்ளிப்போட்டதையும் தன் பேரிலேயே எழுதியிருந்தார்.

அந்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்தார். “பாவி” என்ற வார்த்தையே அன்று வரவில்லை. காவலாளியிடம் சொன்னதையே சொன்னார், மூப்பர் கூட்டத்தில் சொன்ன பொய்யையும் சேர்த்து. ஆமென் சொல்ல ஆளில்லை. பின்னாலிருந்து யாரோ ஒருவர் என்ன செய்வதென்று தெரியாமல் கை தட்ட ஆரம்பித்தார். “தட்டாதீங்க” என்றார் அத்தான். “நான் இத்தனை வருஷம் கடவுள்கிட்ட மன்னிப்பு கேட்டேன், ஆனா அவர்கிட்டயே ஒளிச்சு வெச்சுக்கிட்டுக் கேட்டேன். இப்பதான் அவர் முன்னாடி வந்து நிக்கறேன். அவர் என்ன செஞ்சாலும் சரி.” உட்கார்ந்துவிட்டார்.

அன்று திருவிருந்து. தட்டை ஏந்தி வந்த பழைய தலைமை ஆசிரியர் அத்தானைப் பார்க்காதது போலத் தாண்டிப் போனார். போதகர் அதைக் கவனித்துவிட்டார். மேடையிலிருந்து இறங்கி வந்து, ஒரு கிண்ணத்தைத் தானே எடுத்து அத்தானிடம் நீட்டினார். அத்தான் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது. பெஞ்சின் மறுகோடியில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இரண்டே நாளில் அவரை மூப்பர் பதவியிலிருந்து நீக்கிக் கடிதம் வந்தது. பொய்யோடு இருந்தவரை ஏழு வருஷம் வைத்திருந்தவர்களுக்கு, உண்மை சொன்னவரைக் கழற்றிவிட இரண்டு நாள் போதுமாக இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையே போலீஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. அக்கா சட்டை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தாள். மகள் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவள், அவர் தெருமுனை தாண்டும்வரை வெளியே வரவில்லை.

நாங்கள் போய்வந்த ஒன்பதாம் நாள் காவலாளி இறந்துபோனார். தான் குற்றவாளி இல்லை என்று எட்டு நாள்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நாற்பத்தெட்டு நாள் தெரிந்திருக்கும். இதற்கு நான் எந்தச் சப்பைக்கட்டும் கட்டப்போவதில்லை. அந்த நாற்பது நாளை அவரிடமிருந்து பிடுங்கினவன் நான்.

அடக்கத்துக்குப் போனேன். போகிற தைரியம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒதுங்கி நின்றேன். எல்லாம் முடிந்து மண் போட்ட பிறகு, அந்த அம்மாளே என்னிடம் வந்தார்.

“உங்க அத்தானைப் பார்த்தா ஒண்ணு சொல்லுங்க” என்றார். “நீங்க வந்துட்டுப் போன மறுநாள் காலையில அவர் ஜெபம் பண்ணினார். எப்பவும் மாதிரி அந்தக் குமாஸ்தா பேரைச் சொன்னார். அவர் பிள்ளைங்களைப் பார்த்துக்கோங்கன்னு சொன்னார். அப்புறம் ரொம்ப நேரம் பேசாம இருந்தார். மூச்சு முட்டுதோன்னு நான் பயந்துட்டேன். அப்புறம் உங்க அத்தான் பேரைச் சொன்னார். அதுக்கு மேல எதுவும் சொல்லல, பேரை மட்டும்தான். கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அவர் சொன்னார். நான் சொல்லல. என்னால முடியாது. இதையும் சேர்த்துச் சொல்லுங்க.”

வழக்கு முடிந்து அத்தானுக்கு நாலு வருஷம் என்று தீர்ப்பானது. முதல் தடவை பார்க்க விட்டபோது, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷம்தான். தூங்குகிறீர்களா என்று கேட்டேன். தூங்குகிறேன் என்றார். ஜெபம் பண்ணுகிறீர்களா என்று கேட்டேன். “காலையில கொஞ்ச நேரம். என்ன செஞ்சேன்னு சொல்றேன், அவ்வளவுதான். ஆனா இப்ப எதிர்ல ஆள் இருக்கிற மாதிரி இருக்கு மாப்ள” என்றார்.

காவலாளி அவர் பெயரைச் சொன்னதைச் சொன்னேன். வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். ஆலயத்தில் நான் பார்த்த அழுகை இல்லை இது. சத்தம் வராமல், உடம்பு மட்டும் குலுங்கியது. காவலுக்கு நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

“அவர் வீட்டம்மா?” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“அவங்களால முடியாதாம். அதையும் சொல்லச் சொன்னாங்க.”

தலையை ஆட்டினார். போதகர் அந்த அம்மாளைப் போய்ப் பார்க்கப்போவதையும் சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான், நாலு மூப்பர்களையும் கூட்டிக்கொண்டு போய், பேசிப் பார்த்து, மனசை இளக வைத்து, ஒரு வார்த்தை மன்னிச்சேன் என்று சொல்ல வைத்துவிடலாம் என்று அவருக்கு நம்பிக்கை. அதைக் கேட்டதும் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வேணாம்னு சொல்லிடு மாப்ள. என் பேரைச் சொல்லிக்கிட்டு யாரும் அவங்க வாசல்ல போய் நிக்கக் கூடாது. அவங்க என்னை மன்னிக்கணும்னு நான் ஜெபத்துலகூடக் கேக்கறதில்ல. அந்த வீட்டுலேருந்து நான் எடுத்துக்கிட்டது போதும்.”